எண்பத்தாறு கிலோ

துறைமுக வாயிலில் மூட்டையைத் தட்டிப் பார்த்தார் காவலர்.
என்னா இது?
பாய்.
படுக்கவா?
காத்து வாங்க, என்றேன்.
சிரிக்கவில்லை. அனுமதிச் சீட்டை வெயிலில் பிடித்துப் பார்த்து
விட்டுவிட்டார்.

அரையாண்டு லீவின் கடைசி ஞாயிறு.
கிளப் என்றால் ஒரு தகரக் கொட்டகை,
நீருக்குள் சரிந்து இறங்கும் சிமென்ட் தளம், ஏழு படகு.
இன்னும் கழற்றாத கிறிஸ்துமஸ் நட்சத்திரம்
பகலிலும் எரிந்தது.
மேசையில் துணி போர்த்திய பிளம் கேக்.
முதல் பரிசு அதுதான். இரண்டாம் பரிசு கிடையாது.

ஷெரின் பெரம்பூரில் பல் டாக்டர்.
சுக்கான் அவள் கையில்.
நான் எடைக்கு.
நாலு மாதம் முன்பு என் கடைவாய்ப் பல்லைக் குடைந்தபடி
கேட்டாள்: எத்தனை கிலோ சார் நீங்க?
இந்த உடம்பை அதற்குமுன் யாரும்
அவ்வளவு ஆசையாய் விசாரித்ததில்லை.

பத்தரைக்குக் கொண்டல் எடுக்கும் என்றார் தேசப்பன்,
மீட்புப் படகின் முகப்பில் ஊதுபத்தி செருகியபடி.
பத்து இருபத்தெட்டுக்கு எடுத்தது.
ஊதல். கொடி இறங்கியது.
கொடியில் காயும் வேட்டிகளாய்ப் படபடத்த பாய்கள்
சட்டென்று தொப்பை வைத்தன.

விளிம்பில் உட்கார்ந்து பட்டையில் கால் மாட்டி
முதுகை நீருக்குமேல் சாய்த்தேன்.
பஸ்ஸில் இரண்டாள் இடம் என்று முறைக்கப்படும் உடம்பு
ஒரு படகை நிமிர்த்திப் பிடித்திருந்தது.
மஞ்சள் கிரேன்கள், அடுக்கிய பெட்டிகள், உர நாற்றம்.
முகத்தில் அடித்த நீரில்
உப்போடு ஒரு சொட்டு கிரீஸ்.

பாதியில் காற்று செத்தது.
பெரிய கப்பல் ஒன்று உள்ளே வர
அதன் நிழலில் ஏழு பேரும்
ரேஷன் கடை வரிசைபோல் நின்றோம்.
நடுவுக்கு வாங்க சார். அசையாதீங்க.
மூச்சு மெதுவா விடுங்க.
ஊசி போடுமுன் சொல்லும் அதே குரல்.

அசையாமல் இருந்ததால் பார்த்தேன்.
தூரத்தில் தேசப்பனின் ஊதுபத்திப் புகை
நேரே எழுந்துகொண்டிருந்தது
மேற்கே சாய்ந்தது.
அங்க, என்றேன்.
மற்ற ஆறு பாயும் தொங்கிக் கிடக்க
நாங்கள் மட்டும் அந்தப் பக்கம் திரும்பினோம்.
தண்ணீர் அடிப்பலகையில் மறுபடி பேசத் தொடங்கியது.

மூன்றாவது மிதவை. நேற்றுதான் பூசிய ஆரஞ்சு.
ஒட்டித் திரும்பினோம்.
என் இடுப்பு அதைத் தொட்டது.
இடித்தது என்றுகூடச் சொல்ல முடியாது.
ரங்கநாதன் தெருவில் யார்மீதோ உரசுவதுபோல.
தொட்டால் அங்கேயே ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும்.
பாய் மறைத்திருந்தது. கரையில் எவரும் பார்க்கவில்லை.
வாய் திறந்தேன்.
கயிறு இழுங்க சார், என்றாள்.
இழுத்தேன்.

முதலாவதாக வந்தோம்.
லாசரஸ் கரும்பலகையில் எங்கள் எண்ணை மேலே எழுதினார்.

பாய் மடிக்கையில்
அவள் ஒரு முனை, நான் ஒரு முனை.
ஷெரின், அந்த மூணாவது மிதவை...
தெரியும், என்றாள். சுக்கான்ல நடுங்குச்சு.
அப்புறம் ஏன்?
நீங்க சொல்வீங்கன்னு பார்த்தேன்.
நானும் அதைத்தான் பார்த்திருந்தேன்.
துணியிலிருந்து உப்புத் தண்ணீர்
இருவர் முழங்கையிலும் வழிந்தது.

லாசரஸ் ஒன்றும் கேட்காமல் ஈரத்துணியால் துடைத்தார்.
எண் இருந்த இடம் மூட்டமாய் வெளுத்தது.
இரண்டாவதாக வந்த நிதர்சனுக்குப் பதின்மூன்று வயது.
கத்தியை இரண்டு கையாலும் பிடித்து வெட்டினான்.
எங்களுக்கும் துண்டு வந்தது.
பல் டாக்டர் இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கினாள்.

பீச் ஸ்டேஷனில் ஏறியதும்
பக்கத்தில் பூக்கூடையோடு இருந்த அம்மாள் சொன்னார்:
சட்டையில பெயின்ட் ஒட்டிக்கினு இருக்குது பாரு.
இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஆரஞ்சு.
ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்தார்.
காஞ்சுபோச்சு, என்றார்.
பிறகு,
கொஞ்சம் தள்ளி உக்காரு.